ஈரல் பொறுத்துக்கொள்கிறது என்றார்கள்

பிளஸ் டூ வகுப்பில் நோய்த்தடுப்புப் பாடம் வரும்போது கரும்பலகையில் ஒரு கோட்டை வரைவேன். சுற்றிலும் அகழி, அது தோல். மதில்மேல் வில்லோடு நிற்பவர்கள் வெள்ளையணுக்கள். வாசலுக்கு வெளியே, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு வைரஸ். மாணவர்களுக்குப் பிடிக்கும், தேர்வில் மதிப்பெண்ணும் வரும். போன மாதமும் வரைந்தேன். வரைந்து முடித்துக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டும்போது, வழக்கம்போல வலது விலாவுக்குக் கீழே ஒரு கூச்சம். தெரிந்தே பொய் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காரும்போது வருமே, அந்த மாதிரி. அங்கேதான் என் கல்லீரல் இருக்கிறது. அதற்குள் நாற்பத்தைந்து வருடமாக ஹெபடைடிஸ் பி வைரஸ் குடியிருக்கிறது. கோட்டை, அகழி, வில் எதுவும் அங்கே நடக்கும் கதைக்குப் பொருந்தாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு வருடமும் அதே கோட்டையைத்தான் வரைகிறேன்.

எனக்கு அது இருப்பது 2004-இல் தெரியவந்தது. எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து, மஸ்கட்டில் ஒரு பள்ளியில் வேலை கிட்டத்தட்ட உறுதியாகி, விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு மன்னார்குடியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை போயிருந்தேன். வளைகுடா போக முயன்றவர்களுக்கு அந்த வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும் ஐம்பது பேர், மார்பு எக்ஸ்ரே, சிறுநீர்க் குப்பி, ரத்தம். இரண்டு நாள் கழித்துக் காகிதத்தில் "அன்ஃபிட்" என்று முத்திரை. காரணம் கேட்டதற்கு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் "ஆஸ்திரேலியா ஆன்டிஜென் பாசிட்டிவ்" என்றார். விலங்கியல் படித்தவன்தான். ஆனாலும் அந்த நிமிடத்தில் மண்டைக்குள் ஓடியது, 'நான் போகக் கேட்டது மஸ்கட்டுக்கு, ஆஸ்திரேலியாவுக்கு இல்லையே' என்பதுதான்.

பெயர்க்கதையைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்க மருத்துவர் பரூக் ப்ளம்பெர்க் 1960-களில் பல நாட்டு மக்களின் ரத்தத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இருந்த ஒரு புரதம், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோபிலியா நோயாளி ஒருவரின் ரத்தத்தோடு வினைபுரிந்தது. 1965-இல் அதைப் பிரசுரித்தபோது அது என்னவென்று அவருக்கே தெரியாது. பிறகுதான் அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்று புரிந்தது. 1976-இல் நோபல் பரிசு. நம் பக்கத்துப் பழைய டாக்டர்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

தஞ்சாவூரில் வயதான ஒரு டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். வைரஸ் எக்கச்சக்கம். ஈரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி வெறும் 28. "உன் உடம்புக்கு அது அந்நியன் என்றே தெரியவில்லை தம்பி. பிறந்ததிலிருந்து கூட இருப்பதால் வீட்டு ஆள் என்று நினைத்துவிட்டது. சண்டையும் இல்லை, சேதாரமும் இல்லை" என்றார். சீட்டில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் எழுதினார்: இம்யூன் டாலரன்ட், அதாவது உடம்பின் எதிர்ப்பு பொறுத்துக்கொள்கிறது. மருந்து இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துக்கொள், வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்துவிடு என்றார்.

அப்பாவுக்கும் தங்கைக்கும் இல்லை. அம்மாவுக்கு இருந்தது. பெரியவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் சில மாதங்களில் அதை விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் கணக்கு தலைகீழ். தடுப்பூசி போடாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நாள்பட்டதாக நின்றுவிடுகிறது. நான் பிறந்த 1980-இல் பிறந்த குழந்தைக்குப் போட இந்தத் தடுப்பூசியே இங்கு கிடையாது. அம்மா ரிப்போர்ட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது என்னிடமிருந்து உனக்கு வந்ததா?" என்று கேட்டாள். "இல்லையம்மா. சின்ன வயதில் அந்தக் கம்பவுண்டர் எல்லோருக்கும் ஒரே ஊசியைக் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துப் போடுவாரே, அதில் வந்திருக்கும். நம் இரண்டு பேருக்கும்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கம்பவுண்டர் இறந்து பல வருடமாகியிருந்தது, எனவே பழியை அவர்மேல் போடுவது சுலபமாக இருந்தது.

கோயம்பேட்டுக் கணக்கு

இந்தப் 'பொறுத்துக்கொள்ளுதல்' வெறும் சோம்பேறித்தனம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருவது. நாம் தின்ற இட்லியும் கருவாடும் குடல் பாக்டீரியாவின் உதிரிகளும் கரைந்த ரத்தம் அது. எல்லாம் அந்நியச் சரக்கு. ஒவ்வொன்றையும் நிறுத்திச் சண்டை போட்டால் தினமும் மூன்று வேளையும் ஈரல் வீங்கும். விடியற்காலையில் கோயம்பேட்டு வாசலில் ஒவ்வொரு லாரியையும் மடக்கி, மூட்டை மூட்டையாகப் பிரித்துச் சோதித்தால் சென்னையில் அன்றைக்குச் சாம்பார் கிடையாது. அதனால் அங்கே நிற்கிற காவல்காரர்கள் கண்டும் காணாமல் இருக்கப் பழக்கப்பட்டவர்கள். ஈரலின் நுண்குழல்களில் குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் குப்பையை விழுங்கிவிட்டுக் கூச்சல் போடாமல் இருக்கின்றன. குழல்சுவர்ச் செல்களோ, வந்துநிற்கும் டி செல்களுக்கு (தொற்றிய செல்லை அடையாளம் காணும் வெள்ளையணு வகை) அந்நியப் புரதத்தைக் காட்டும்போதே 'அமைதி, அமைதி' என்று சேர்த்துச் சொல்கின்றன.

இந்தக் குணம் வெட்டவெளிச்சமானது பன்றிகளால். 1969-இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் என்ற அறுவை மருத்துவர் ஒரு பன்றியின் கல்லீரலை உறவே இல்லாத இன்னொரு பன்றிக்குப் பொருத்தினார். எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சிறுநீரகமோ தோலோ என்றால் சில நாளில் உடம்பு அதை அழுகடித்துத் துப்பிவிடும். கல்லீரல் பல பன்றிகளில் ஒட்டிக்கொண்டது. அதுமட்டுமல்ல, கல்லீரல் கொடுத்த அதே பன்றியின் சிறுநீரகத்தைப் பிறகு வைத்தாலும் உடம்பு ஏற்றுக்கொண்டது. ஈரல் தன்னை மட்டும் சமாதானப்படுத்திக்கொள்ளவில்லை, தன் கூட வந்தவர்களுக்கும் சேர்த்துப் பேசி முடித்திருக்கிறது. கிராமத்தில் பஞ்சாயத்து பண்ணுகிற பெரிய மனிதர் மாதிரி.

அப்படிப்பட்ட வீட்டைத்தான் இந்த வைரஸ் தேடிப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் தன் பங்குக்கு ஒரு வேலையும் செய்கிறது. ஒரு முழு வைரஸ் வெளியே போகும்போது, உள்ளே சரக்கில்லாத வெறும் உறைகளை ஆயிரக்கணக்கில் ரத்தத்தில் கொட்டுகிறது. வேட்பாளர் ஒருவர், கட்அவுட் ஆயிரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே முகம் என்றால் கொஞ்ச நாளில் கண் மரத்துப்போகும் அல்லவா? மேடையில் நிற்கிற ஆளைப் பார்த்தாலும் கட்அவுட் போலத்தான் தெரியும்.

வைரஸ் கொல்வதில்லை

இதைப் படித்து உள்வாங்க எனக்கு வருடங்கள் ஆயின. ஹெபடைடிஸ் பி வைரஸ் தான் குடியிருக்கும் ஈரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. தின்பதும் உடைப்பதும் அதன் வேலை இல்லை. உட்கருவுக்குள் ஒரு சின்ன வளையமாகத் தன் டிஎன்ஏவைச் சுருட்டி வைத்துக்கொண்டு, நகலெடுத்து நகலெடுத்து வெளியே அனுப்புகிறது. செல் பாட்டுக்குப் பித்தநீர் சுரந்துகொண்டு, சர்க்கரையைச் சேமித்துக்கொண்டு இருக்கிறது. ஈரலைக் கெடுப்பது, அந்தச் செல்லை அடையாளம் கண்டு கொல்ல வரும் நம்முடைய டி செல்தான்.

அமெரிக்காவில் லாஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஃபிரான்சிஸ் சிசாரியின் குழு இதை எலிகளில் காட்டியது. வைரஸின் மரபணுக்களைப் பிறவியிலேயே தாங்கிய எலிகள் நோவு இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருந்தன. வெளியே தயார்செய்த டி செல்களை ஊசி வழியாக ஏற்றினார்கள். ஈரல் அழற்சி வந்துவிட்டது. வைரஸ் அப்படியேதான் இருந்தது. புதிதாக உள்ளே போனது காவல்படை மட்டுமே.

ஆனால் அதே ஆய்வு வரிசையில் எனக்குப் பிடித்த வேறொன்றும் இருக்கிறது. டி செல்கள் ஒவ்வொரு செல்லாகப் பிடித்துக் கொன்றுதான் வைரஸை அழிக்க வேண்டும் என்றால், ஈரல் முழுக்கத் தொற்று பரவிய ஒருவர் குணமாகும் முன்னே ஈரலே மிஞ்சாது. கணக்கு உதைக்கிறது. 1999-இல் சிம்பன்சிகளில் பார்த்தபோது, ஈரல் சேதம் உச்சத்துக்குப் போகும் முன்பே வைரஸ் டிஎன்ஏவின் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. கொல்லாமலே! டி செல்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா போன்ற வேதிச் செய்திகளை வெளியிட, அதைக் கேட்ட ஈரல் செல்கள் தாங்களே உள்ளிருக்கும் வைரஸ் நகலெடுப்பை நிறுத்திக்கொள்கின்றன. வில்லெடுத்து அம்பு விட்டவர்கள் கொஞ்சம் பேர். தெருவில் நின்று சத்தம் போட்டே பெரும்பாலான வீடுகளைத் திருத்தியவர்கள் மற்றவர்கள். என் கரும்பலகைக் கோட்டையில் இவர்களுக்கு இடமில்லை.

2011, ஆடி மாதம்

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். டாலரன்ட் என்ற சொல் எனக்குத் தாலாட்டாக இருந்தது. சண்டை இல்லை, சேதாரம் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். முதல் மூன்று வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போனேன். பிறகு பி.எட்., வேலை, கல்யாணம். பெண் பார்க்கப் போன வீட்டில் இதைச் சொன்னபோது காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தவர்கள் உண்டு. சொன்ன பிறகும் எழுந்துபோகாத ஒரே வீட்டில் சம்பந்தம் முடிந்தது. மனைவிக்கு மூன்று தவணைத் தடுப்பூசி போட்டு, எதிர்ப்பு அளவும் பார்த்த பிறகுதான் முகூர்த்தம் குறித்தோம். அதிலெல்லாம் கண்ணும் கருத்துமாக இருந்தவன், என் பரிசோதனையை மட்டும் நான்கு வருடம் தள்ளிப்போட்டேன். உள்ளே உறங்குகிறதை ஏன் தட்டியெழுப்ப வேண்டும் என்பது போல ஒரு நினைப்பு.

2011 ஆடியில் ஒரு நாள் காலை, வீட்டில் கடுகு தாளிக்கிற வாசனை வந்ததும் குமட்டியது. ஆயுசில் அப்படி நடந்ததில்லை. தேநீரைப் பக்கத்தில் கொண்டுவர முடியவில்லை. மாடிப்படி ஏறினால் முழங்கால் துவண்டது. ரத்தம் கொடுத்தேன். எஸ்ஜிபிடி 612. இருக்க வேண்டியது 40-க்குள். ஈரக்குலை நடுங்கியது என்று எழுதுவார்களே, அன்றைக்கு அது எனக்கு உவமையாக இல்லை. தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, 'முடிந்துவிட்டது, வைரஸ் விழித்துக்கொண்டு ஈரலைத் தின்ன ஆரம்பித்துவிட்டது' என்று நினைத்துக்கொண்டே போனேன். மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

டாக்டர் என்னைத் திட்டினார். நான்கு வருடம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். பிறகு மற்ற எண்களைப் பார்த்தார். மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. ரத்தம் உறையும் நேரம் சரியாக இருந்தது. ஈரல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது என்றார். அப்புறம் அவர் முகத்தில் ஒரு மாற்றம். சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பக்கத்தில். "பயப்படாதே தம்பி. வைரஸ் விழித்துக்கொள்ளவில்லை. அது என்றைக்கும் விழித்துக்கொண்டுதான் இருந்தது. உன் ஆட்கள்தான் இப்போது எழுந்திருக்கிறார்கள் போலிருக்கிறது" என்றார்.

அந்த வாக்கியத்தை அன்றிலிருந்து எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எனக்கு உடம்பு நன்றாக இருந்த முப்பத்தொரு வருடமும் வைரஸ் ஜெயித்துக்கொண்டிருந்த வருடங்கள். வாழ்க்கையிலேயே மிக மோசமாகக் கிடந்த அந்த ஆடி மாதம்தான் என் தரப்பு முதல்முறையாக ஏதோ செய்த மாதம். குமட்டலும் அசதியும் நோயின் அறிகுறி என்று பாடம் நடத்தியிருக்கிறேன். இங்கே அவை மருந்தின் அறிகுறி மாதிரி. ஆனால் அதையும் முழுசாக நம்பிவிட முடியாது. "இது நல்லதாகவும் முடியலாம், ஈரலைப் புண்ணாக்கி வைத்துவிட்டு ஒன்றும் சாதிக்காமலும் போகலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடு. ரத்தம் உறைவது கெட்டால் அன்றைக்கே மாத்திரை. இல்லையென்றால் மூன்று மாதம் பார்ப்போம்" என்றார். சரியான ஆட்கள் சரியான அளவு சண்டை போட்டு, சரியான நேரத்தில் நிறுத்தவும் வேண்டும். மூன்று மாதமும் திண்ணைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வலது விலாவைத் தடவிக்கொண்டு, எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றின் நிதானத்துக்காகக் காத்திருந்தேன்.

அம்மா காத்திருக்கவில்லை. வாய்க்கால் கரையிலிருந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, அம்மியில் அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்தாள். டாக்டர் அதைக் கேட்டதும் இந்த நேரத்தில் எந்தப் பச்சிலையும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் சொன்னேன். சரி என்றாள். அடுத்த வாரமும் மோர் இளம்பச்சையாகத்தான் இருந்தது. கேட்டால் கறிவேப்பிலை என்றாள். எனக்குக் கறிவேப்பிலையின் ருசி தெரியாதா? அதற்குப் பிறகு மோரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.

கீழாநெல்லியைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜனின் குழு, அந்தப் ப்ளம்பெர்க்கோடே சேர்ந்து, 1988-இல் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. என்னைப் போன்ற நாள்பட்ட தொற்றுக்காரர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறை மறைந்தது. பொய்மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அறிவியலில் இது நடப்பதுதான். ஆனால் முதல் பாதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் இரண்டாம் பாதியை மட்டும் சொல்லி நம் ஊர் ஆய்வாளர்களை நகையாடுகிறவர்களும் எனக்கு ஒன்றுதான்.

பன்னிரண்டாவது வாரம் எஸ்ஜிபிடி 38. மில்லிக்குப் பத்துக் கோடிக்கு மேல் இருந்த வைரஸ் எண்ணிக்கை இரண்டாயிரத்துக்குக் கீழே வந்திருந்தது. வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் 'இ ஆன்டிஜென்' போய், அதற்கான எதிர்ப்பொருள் வந்திருந்தது. வெறும் உறை மட்டும் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. டாக்டர் கை குலுக்கினார். அம்மா கீழாநெல்லியை ஊரெல்லாம் சிபாரிசு செய்ய ஆரம்பித்தாள். முருங்கை மரத்தைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

களைப்பு என்றொரு சொல்

அதற்குப் பிறகுதான் வெறிபிடித்தாற்போல் படிக்கத் தொடங்கினேன். பள்ளி முடிந்து வந்ததும் இரவு பத்து மணிவரை. டி செல்களைப் பற்றிப் படிக்கப்போனால் எதிரே வந்து நிற்கிற சொல் 'எக்ஸாஷன்', அதாவது களைப்பு. ஓயாமல் ஒரே வைரஸைப் பார்த்துக்கொண்டே இருக்கும் டி செல், முதலில் பெருகுவதை நிறுத்துகிறது, பிறகு ஒவ்வொரு வேதிச் செய்தியாக அனுப்புவதை விடுகிறது, கடைசியில் கொல்லவும் மறந்துவிடுகிறது. 1993-இல் சூரிச்சில் எலிகளில் முதலில் பார்த்தார்கள். அங்கே அந்தச் செல்கள் சுவடில்லாமல் மறைந்தே போயின. பிறகு அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில், ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதின் குழு, மறையாமல் செயலிழந்து நிற்கும் செல்களையும் காட்டியது. அந்தச் செல்களின் மேல் பிடி-1 என்ற ஒரு புரதம் அடர்த்தியாக முளைத்திருந்தது. ஜப்பானில் தசுகு ஹோஞ்சோ 1992-இல் கண்டெடுத்த புரதம் அது. 2006-இல் அகமதின் குழு அதன் பிடியை மருந்தால் மறித்தபோது, செத்ததுபோல் கிடந்த டி செல்கள் மறுபடி வேலை செய்தன.

அப்படியானால் அது களைப்பே இல்லையே என்று எனக்குப் பட்டது. களைத்தவனை எழுப்பச் சோறும் தூக்கமும் வேண்டும். இவை பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் ஓடுகின்றன. யாரோ பிரேக் போட்டு வைத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு காரணத்தோடு. கோடிக்கணக்கான செல்களில் தொற்று பரவிய ஈரலில் எல்லா டி செல்லும் முழு வேகத்தில் இறங்கினால் வைரஸும் போகும், ஆளும் போவார். புற்றுநோயில் பிடி-1 மருந்து அதிசயம் செய்திருக்கிறது. ஹோஞ்சோவுக்கு 2018-இல் நோபலும் வந்தது. ஹெபடைடிஸ் பி-யில் அதை ஒரு சிறு சோதனையில் கொடுத்துப் பார்த்தபோது வைரஸின் மேலுறை முழுதாக மறைந்தது ஒரே ஒருவருக்கு. அவருக்கும் அதற்கு முன் எஸ்ஜிபிடி எகிறியிருக்கிறது. அதைப் படித்தபோது என் திண்ணைக் கட்டில் ஞாபகம் வந்தது. எந்தப் பிரேக்கும் எடுத்தால் ஓடும் என்றும் சொல்ல முடியாது. ஈரல் செல்லே பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்த டி செல்கள் தொடக்கத்திலிருந்தே வேறு மாதிரி மந்தமாக இருக்கின்றன என்றும், அவற்றுக்குப் பிடி-1 தடுப்பைவிட இன்டர்லூகின்-2 என்ற வேதிச் செய்திதான் உறைக்கிறது என்றும் 2019-இல் மிலானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது.

மிலானைச் சொன்னதும் இன்னொன்று. அங்குள்ள சான் ரஃபேல் நிறுவனத்தில் குய்டோட்டி, இயானகோன் இருவரின் குழு, உயிருள்ள எலியின் ஈரலுக்குள் டி செல்கள் நடமாடுவதை நுண்ணோக்கி வழியாகப் படம்பிடித்து 2015-இல் வெளியிட்டது. ஓடும் ரத்தத்தில் மிதந்து வரும் டி செல், நுண்குழலின் சுவரில் திட்டாக ஒட்டியிருக்கும் ரத்தத் தட்டணுக்களின்மேல் முதலில் தட்டி நிற்கிறது. பிறகு குழலுக்குள்ளேயே, ஓட்டத்தோடும் ஓட்டத்துக்கு எதிராகவும், நத்தை மாதிரி ஊர்கிறது. அந்தச் சுவரில் சல்லடைபோல் பொடிப்பொடியான சாளரங்கள். டி செல் குழலைவிட்டு வெளியே போவதில்லை. இருந்த இடத்திலிருந்தே சாளரத்துக்குள் ஒரு விரலை நீட்டுகிறது. அந்தப் பக்கம் இருக்கும் ஈரல் செல்லைத் தொட்டுப் பார்க்கிறது. வைரஸின் வாடை இருந்தால் அங்கேயே வேலையை முடிக்கிறது, இல்லையென்றால் விரலை இழுத்துக்கொண்டு அடுத்த சாளரத்துக்கு ஊர்கிறது. ஈரல் நார்கட்டி இறுகினால் சாளரங்கள் மூடிக்கொள்ளும், விரல் போக வழி இருக்காது. இருட்டில் கதவிடுக்கு வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடுகிற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில், தாமதமாக வீடு திரும்பும் என் அப்பா. இந்தப் படத்தைப் பார்த்த பிறகு மதில்மேல் வில்லாளியை வரையக் கை கூசுகிறது.

என் சீட்டில் எழுதியிருந்த சொல்லுக்கு வருகிறேன். 2012-இல் லண்டனும் சிங்கப்பூரும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வில், டாலரன்ட் என்று முத்திரை குத்தப்பட்ட சிறுவர்கள், இளைஞர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். அந்த வயதுக்காரர்களின் டி செல்கள் வைரஸை அறியாமல் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. ஈரல் அழற்சி உள்ளவர்களின் டி செல்களைவிட எந்த விதத்திலும் மோசமாக இல்லை. வைரஸை அடையாளம் கண்டுகொண்டுதான் இருந்தன. 2016-இல் இன்னொரு ஆய்வு, இதே 'அமைதியான' கட்டத்திலேயே வைரஸின் டிஎன்ஏ துண்டுகள் ஈரல் செல்லின் டிஎன்ஏவுக்குள் செருகிக்கொள்வதையும், சில செல்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகத் தொடங்கியிருப்பதையும் காட்டியது. பின்னாளில் வரும் புற்றுநோய்க்கு விதை அப்படித்தான் விழுகிறது என்று கருத இடமிருக்கிறது. 2017-இல் ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவச் சங்கம் தன் வழிகாட்டியிலிருந்து அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு, நாள்பட்ட தொற்று என்று மட்டும் வைத்துக்கொண்டது.

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். அந்த டாக்டர் தன் காலத்துப் புத்தகம் சொன்னதைத்தான் சொன்னார். 2011-இல் என்னைக் கரையேற்றியவரும் அவர்தான். ஆனால் 'பொறுத்துக்கொள்கிறது' என்ற அந்த ஒரு சொல்லை நம்பி நான்கு வருடம் போகாமல் இருந்தேன். 'தொற்று இருக்கிறது, டி செல்கள் ஓசைப்படாமல் விரல் நீட்டிக்கொண்டிருக்கின்றன, ஈரல் செல்லுக்குள் சில விஷயங்கள் நடக்கின்றன, வந்து பார்த்துக்கொண்டே இரு' என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாதுதான். எஸ்ஜிபிடி 28 என்பது சண்டை இல்லை என்பதற்குச் சான்று அல்ல, அந்தச் சண்டை அந்த அளவுகோலில் பதிவாகவில்லை என்பதற்குத்தான் சான்று. இதைப் பத்தொன்பது வருடமாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவனே புரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

போன மாதம் அரையாண்டு ஸ்கேனுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அறுபத்தெட்டு வயது, எஸ்ஜிபிடி 22. ஒரே அறையில் இருவருக்கும் அடுத்தடுத்து. முதலில் அவளைப் படுக்கவைத்தார்கள். ஸ்கேன் எடுக்கும் பெண் பசையைத் தடவியதும் "ஐயோ, ஜில்லென்று இருக்கிறது" என்று நெளிந்தாள். அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, "குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா பாட்டி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் பக்கம் கையைக் காட்டி, மூக்கும் நெற்றியும் யார் ஜாடை என்று கேட்டவர்களுக்குச் சொல்கிற அதே குரலில், "இவனுக்கு இருக்கிறது. என்னிடமிருந்துதான் போயிருக்கிறது" என்றாள்.

"ஊசியில் வந்தது என்று சொன்னேனே" என்றேன்.

"சொன்னாய்" என்றாள்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டாள்.